யோகம் அன்ரி உள்ளுக்கு நிக்கிறா

சும்மா கிடைக்கிற பொருளை வாங்குகிறவர்கள், அதைத் தருகிறவரின் முகத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே ஒரு பெரிய நிம்மதி தெரியும். என் அத்தானும் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் நோர்பரியில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் அங்கே ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் பெற்றோல் ஷெட் ஒன்றில் ஷிப்ட் வேலை செய்தேன். ஆனால் வீட்டில் எனக்கு என்ஜினியர் என்று பெயர். ஊரில் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பொறியியல் படிப்பில் இரண்டு வருடம் படித்திருந்தேன்; அதற்குள் நாட்டு நிலைமை கெட்டு, படிப்பு நின்று, லண்டன் வந்து சேர்ந்தேன். அந்த ‘இரண்டு வருடம்’ என்கிற விவரம் காலப்போக்கில் அக்காவின் பேச்சிலிருந்து மெதுவாக உதிர்ந்துவிட்டது. நானும் குனிந்து அதைப் பொறுக்கி எடுத்து வைக்கவில்லை. (யார்தான் எடுத்து வைப்பார்கள்?) வீட்டில் பல்பு போனால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் மாற்றுவேன். எரிந்தால், “என்ஜினியர் எண்டா சும்மாவே” என்பார் அத்தான்.

கடைக்குப் பால் வாங்க வரும் ஓர் ஆங்கிலேயரிடம் ஒரு கேம்பர் இருந்தது. கேம்பர் என்றால் தனி வாகனம் அல்ல. பிக்கப் வாகனத்தின் பின்தட்டில் தூக்கி வைத்துக் கட்டுகிற ஒரு குட்டி வீடு. உள்ளே அடுப்பு, கைகழுவும் தொட்டி, மடக்கு மேசை, இருக்கைக்கு அடியில் பெட்டிகள் எல்லாம் உண்டு. பின்பக்கம் கதவு. முன்பக்கம் மேலே ஒரு படுக்கை மட்டும் பல்லு மிதந்த வாய் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிக்கப்பில் ஏற்றினால் அந்தப் படுக்கை ஓட்டுபவரின் தலைக்கு மேலே, கூரையில் போய் நிற்கும். நான்கு மூலையிலும் கழற்றிப் பூட்டக்கூடிய நான்கு இரும்புக் கால்கள். கால்களைச் சுழற்றினால் வீடு மேலே எழும்பும், பிக்கப்பைக் கீழிருந்து உருவிக்கொண்டு போய்விடலாம்.

அந்த மனிதர் பிக்கப்பை விற்றுவிட்டார். கேம்பர் மிஞ்சியது. “வேண்டுமானால் எடுத்துக்கொள்” என்று அத்தானிடம் சொன்னார். அத்தானுக்கு அன்று முழுக்க யாவாரத்தில் மனம் நிற்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து ஒருநாள் விடுமுறை எடுக்காத மனிதர். மார்கேட் கடற்கரையில் கேம்பரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா சுடுகிற ரொட்டியைச் சாப்பிடுவதாக ஒரு படம் அவருடைய தலைக்குள் விழுந்துவிட்டது. அடுத்த வாரமே அந்த ஆங்கிலேயர் நண்பர் ஒருவரின் பிக்கப்பில் கேம்பரை ஏற்றி வந்து, எங்கள் வீட்டு முன்முற்றத்தில் நான்கு காலில் நிறுத்திவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். போகும்போது சீட்டியடித்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்வார்.

எங்களிடம் பிக்கப் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு வந்தது.

கேம்பர் முன்னறைச் சன்னலை மறைத்து நின்றது. மத்தியானத்திலும் அக்கா விளக்குப் போட்டுக்கொண்டு மரக்கறி வெட்டினார். பக்கத்து வீட்டு பீட்டர், ஓய்வுபெற்ற மனிதர், ரொம்பவும் மரியாதையாக வேலிக்கு வந்து, இது நிரந்தரமா என்று கேட்டார். தன்னுடைய ரோஜாக்களுக்கு மதிய வெயில் வருவதில்லையாம். அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார்.

“பிக்கப் இல்லாட்டி என்ன,” என்றார் அத்தான். “ட்ரெய்லர் ஒண்டிலை ஏத்தி எங்கட காராலை இழுப்பம். தம்பி, நீர் ஒருக்கா கணக்குப் போட்டுப் பாருமன்.”

அந்தக் கணத்தில் நான் “எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். பதிலாக, அளக்கிற நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண்ணின் பெயர் வதனி. பதின்ம வயதில் லண்டன் வந்தவர், கணக்கியல் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் குரொய்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தார். ஸ்ட்ரெதமில் தன் பெரியம்மா வீட்டில் இருந்தார். அந்தப் பெரியம்மாதான் யோகம் அன்ரி. எழுபதுகளில் தாதியாக வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உருவம், நிமிர்ந்த முதுகு. அவர் ஓர் அறைக்குள் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களை அறியாமல் படுக்கை விரிப்பைச் சரிசெய்வார்கள் என்று அத்தான் சொல்வார். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாக யோகம் அன்ரி சொல்லிவிட்டார்.

தொலைபேசியில் அக்கா சொன்னதை நான் கேட்டேன். “தம்பி இப்ப வீட்டிலை ஒரு வாகன வேலை செய்துகொண்டு நிக்கிறான், அன்ரி. வரேக்கை பாப்பியள்தானே.”

ஆகவே கேம்பர் அந்தச் சனிக்கிழமைக்குள் ட்ரெய்லரில் ஏறியாக வேண்டும் என்று ஆயிற்று.

ட்ரெய்லரைக் கலியாண மண்டபங்களுக்குக் கதிரை, மேசை ஏற்றி இறக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கினோம். தட்டையான பலகை, நடுவில் அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் நீளமான ஓர் இரும்புத் தண்டு. அந்தத் தண்டின் நுனிதான் காரின் கொக்கியில் மாட்டும். அதை நாங்கள் மூக்கு என்று சொன்னோம். கார் கழற்றப்பட்டால் மூக்கைத் தாங்க ஒரு சின்னச் சக்கரமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை தொடங்கியது. கேம்பரை அதன் கால்களில் உயரத் தூக்கி, அத்தான் காரைப் பின்னுக்கு எடுத்து, ட்ரெய்லரை அதன் வயிற்றுக்குள் செலுத்தினார். பிறகு கேம்பரை இறக்க வேண்டும். நான்கு காலையும் ஒரே வேகத்தில் சுழற்றினால்தான் சரியாமல் இறங்கும். நான் ஒரு காலில், அத்தான் ஒரு காலில், அக்கா ஒரு காலில், ரோஜாக்களின் நலன் கருதி பீட்டர் நான்காவது காலில். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். அக்கா தமிழில் எண்ணினார், பீட்டர் ஆங்கிலத்தில் எண்ணினார். ஆங்கிலத்தில் ஐந்து வருகிறபோது தமிழில் ஏழு ஆகியிருந்தது. கேம்பர் அக்கா பக்கம் சாய்ந்துகொண்டே இறங்கி, கடைசியில் எப்படியோ பலகையில் குந்தியது.

ஏறிவிட்டது என்று நாங்கள் கை தட்டினோம். அத்தான் காரைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தார். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் படுக்கை காரின் கூரையை உரசியது. பிக்கப் கூரையில் போய் நிற்க வேண்டிய படுக்கைக்கு, எங்கள் காரும் தன்னுடையதுதான் என்ற எண்ணம்.

நான் யோசித்தேன். (அப்போது நெற்றியைத் தேய்க்கிற ஒரு பழக்கம் இருந்தது. கெட்டிக்காரத்தனமாகத் தெரியும் என்று நினைப்பு.) கேம்பரைப் பின்னுக்குத் தள்ளினால் உரசாது. தள்ளினோம். உரசவில்லை. ஆனால் காரைக் கழற்றியதும் ட்ரெய்லரின் மூக்கு தானாக மேலே எழும்பியது. பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் போயிருந்தது.

அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. கடையிலிருந்து அரிசி மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றை ஒவ்வொன்றாக முன் படுக்கையில் ஏற்றினேன். மூக்கு மெல்ல இறங்கியது. இதை அறிவியல் முறையில் செய்ய வேண்டும் என்று அக்காவின் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து மூக்குச் சக்கரத்துக்குக் கீழே வைத்தேன். முள் பூச்சியத்தில் நின்றது. ஒரு கிலோகூட இல்லை. “பாத்தீங்களே அத்தான், அச்சொட்டான சமநிலை” என்றேன்.

இழுத்துச் செல்லும் ட்ரெய்லரின் மூக்கு எப்போதும் நல்ல பாரத்தோடு கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், பூச்சியத்தில் நிற்கிற ட்ரெய்லர் ஒரு கொலைகாரன் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு சிறு கையேட்டில் படித்தேன்.

கடைசி வேலையாக, காரை மீண்டும் கொக்கியில் மாட்டிவிட்டு, நான்கு இரும்புக் கால்களையும் கழற்றினேன். அவை பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றன, ரோட்டில் நிற்கிற கார்களைக் கீறும். தொலைந்துவிடக்கூடாது என்று கேம்பருக்குள்ளேயே பின் இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்தேன். சங்கிலி போட்டுக் கட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றேன்.

சனிக்கிழமை காலையில் அத்தான் காரைக் கழற்றிக்கொண்டு ஸ்ட்ரெதமுக்குப் போய் யோகம் அன்ரியையும் அவருடைய கணவரையும் ஏற்றி வந்தார். கணவர் பேசாத மனிதர். வந்ததும் முன்னறையில் உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டு, வேறு எதுவும் தேவையில்லை என்பதுபோலச் சாய்ந்துகொண்டார். அத்தான் அவருக்குத் துணையாக இருந்தார். வதனி வேலை முடிந்து ரயிலில் நேராக வருவதாக ஏற்பாடு. நான் புதுச் சட்டையில் நின்றேன்.

யோகம் அன்ரி உட்காரவில்லை. “எங்கை, அந்த வாகனத்தைப் பாப்பம்” என்றார்.

இந்த இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அன்று விடியற்காலையில் அக்கா கேம்பருக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். பெண் வீட்டார் பார்க்கப் போகிற படுக்கையில் அரிசி மூட்டை அடுக்கியிருப்பதைக் கண்டு அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தானைக் கூப்பிட்டு எல்லா மூட்டைகளையும் இறக்கி, படுக்கைக்குப் பூப்போட்ட விரிப்பு விரித்து, இரண்டு தலையணையும் வைத்துவிட்டார். அப்போது கார் கொக்கியில் மாட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கழற்றும்போது மூக்கு எழும்பப் பார்த்ததாம். அத்தான் அதன் சின்னச் சக்கரத்தோடு ஒரு செங்கல்லைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அது போதுமாக இருந்தது. வெறும் கேம்பருக்கு.

கேம்பரின் பின்கதவு வீட்டுச் சன்னலைப் பார்த்தபடி இருந்தது. இடையில் கதவு திறக்கிற அளவு இடம். யோகம் அன்ரி ஏறினார். ட்ரெய்லர் ஒரு முனகல் விட்டது. நான் கவனிக்கவில்லை, சமநிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே சுற்றிப் பார்த்து, கதவுக்குப் பக்கத்திலிருந்த கைகழுவும் தொட்டியின் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. அதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதைக் காட்டுவதற்காக நானும் படியில் கால் வைத்து ஏறினேன்.

அப்போது எனக்கு எழுபத்திரண்டு கிலோ.

செங்கல் மேலே போவதை அக்கா கண்டாராம், பட்டம் ஏறுவதுபோல. ட்ரெய்லரின் வால் நிலத்தில் இடித்தது. நான் படியிலிருந்து பக்கவாட்டில் விழுந்தேன். கதவு தானாக அடித்து மூடியது. கட்டப்படாத கேம்பர் பலகையில் ஒரு சாண் பின்னுக்கு வழுக்கி, அதன் அடி விளிம்பு ட்ரெய்லரின் வாலுக்கு அப்பால் இறங்கிக் கொளுவிக்கொண்டது. கதவின் கீழ்விளிம்பு முற்றத்துக் கற்களில் புதைந்தது. மேல் மூலை முன்னறைச் சன்னலின் விளிம்பில் போய்ச் சாய்ந்தது.

உள்ளே முன்னறையில், யோகம் அன்ரியின் கணவர் தேநீர்க் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, இங்கே நேரத்தோடு இருட்டிவிடுமா என்று கேட்டதாக அத்தான் சொன்னார். அதுதான் அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்.

நான் எழும்பிக் கதவை இழுத்தேன். அசையவில்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு மேலாக பீட்டர் தலையை நீட்டி, எல்லாம் நலமா என்று கேட்டார். அக்காவுக்கு ஆங்கிலம் வரவில்லை.

“யோகம் அன்ரி உள்ளுக்கு நிக்கிறா,” என்றார் அவரிடம், தமிழில்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வார்டு முழுக்கக் கேட்கிற, ஆனால் உயராத குரல்.

“எனக்கு ஒண்டும் இல்லை. ஒருத்தரும் ஓடித் திரியாதேங்கோ. முதல் யார் பொறுப்பு எண்டு சொல்லுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூக்கைக் கீழே அழுத்தினால் வால் மேலே வரும், கதவு திறக்கும் என்று நான் முடிவு செய்தேன். இப்போது மூக்கு என் தோளுயரத்தில் நின்றது. அத்தானும் நானும் அதில் தொங்கினோம். கொஞ்சம் இறங்கியது. யோகம் அன்ரியின் கணவரை அழைத்தோம். அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து ஏறினார். இன்னும் கொஞ்சம். நான் வாய்விட்டுக் கணக்குப் போட்டேன்: அத்தான் எண்பது, அங்கிள் அறுபது, நான் எழுபத்திரண்டு. இன்னும் ஐம்பது வேண்டும். அக்காவிடம் கேட்டேன். தன்னுடைய எடை தனக்கும் தராசுக்கும் இடையில் உள்ள விஷயம் என்று அக்கா சொல்லிவிட்டார். தவிர, அவர் சேலையில் இருந்தார்.

அப்போதுதான் வாசல் படலைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். கையில் கைப்பை, தோளில் குடை. முற்றத்தில் மூன்று ஆண்கள் ஓர் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ஒரு குளியலறைத் தராசு கிடக்கிறது.

என் மூளையில் அந்த நேரம் கலியாணம் இருக்கவில்லை. கிலோ மட்டும்தான் இருந்தது.

“நீங்கள் எத்தினை கிலோ?” என்று கேட்டேன்.

என் மனைவியிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

வதனி என்னைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். இந்த வீட்டில் பெண் பார்க்கிற முறை இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். “ஐம்பத்திரண்டு” என்றார். நான், போதும், தயவுசெய்து ஏறுங்கோ என்றேன். அவர் கைப்பையை மதிலில் வைத்துவிட்டு ஏறினார்.

நால்வருடைய பாரத்தில் மூக்கு முழங்காலுயரத்துக்கு இறங்கியது. அங்கே நின்றுவிட்டது. பின்னால் ஏதோ பயங்கரமாக நெரிந்தது. “நிப்பாட்டுங்கோ,” என்றது உள்ளேயிருந்த குரல், “சுவர் வெடிக்குது.” கேம்பரின் கொளுவிய விளிம்பு விடுபடவில்லை, அழுத்தினால் அடித்தளம் பிளக்கும். விட்டால், மூக்கு மேலே பறந்து, யோகம் அன்ரி மீண்டும் பின்சுவரில் போய் மோதுவார். ஆக நாங்கள் இறங்கவும் முடியாது, அழுத்தவும் முடியாது. நான்கு பேரும் அந்தத் தண்டில் வரிசையாக, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல. ஓரத்தில் அத்தான், பிறகு அங்கிள், பிறகு நான், என் பக்கத்தில் வதனி. சனிக்கிழமை மத்தியானம். போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் வணக்கம் சொன்னார். கோயிலில் காண்கிற ஆள்.

தலைக்கு மேலே ஒரு சத்தம். முன் படுக்கைக்கு ஒரு சிறிய சன்னல் இருந்தது. யோகம் அன்ரி சரிவில் தவழ்ந்து ஏறி, பூப்போட்ட விரிப்பில் குப்புறப் படுத்து, அந்தச் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியிருந்தார். கொண்டை கலையவில்லை.

கொஞ்ச நேரம் எங்கள் நால்வரின் உச்சந்தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வந்த வேலையைப் பார்ப்போம் என்று நினைத்திருக்க வேண்டும்.

“தம்பி, நீர் என்ஜினியர் எண்டு சொன்னவை. எவ்வளவு காலம் படிச்சனீர்?”

அக்கா எங்கோ சமையலறைப் பக்கம் போய்விட்டார். அத்தான் ரோட்டை உற்றுப் பார்த்தார். நான் அண்ணாந்தேன். இரும்புத் தண்டில் உட்கார்ந்திருக்கும்போது, மேலே இருந்து ஒருவர் கேட்கும்போது, பொய் வராது.

“ரெண்டு வருஷம்தான், அன்ரி. மிச்சம் படிக்கக் கிடைக்கேல்லை.”

அவர் யோசித்தார்.

“அப்ப இது மிச்ச ரெண்டு வருஷத்திலைதான் வந்திருக்கும்,” என்றார்.

தண்டு இலேசாக அதிர்ந்தது. ட்ரெய்லர் நகர்கிறதோ என்று பயந்துபோனேன். பார்த்தால் வதனியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான் அவரைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். எனக்கு ஒருபக்கம் நிலம் பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது. மறுபக்கம், பிளந்தால் இவர் பக்கத்திலிருந்து எழும்ப வேண்டி வருமே என்றும் இருந்தது.

பீட்டர் ஒரு தட்டில் தேநீர் கொண்டுவந்தார். நான்கு கோப்பை எங்களுக்கு. ஐந்தாவதை ஏணி வைத்து ஏறிச் சன்னலில் கொடுத்தார். பொறியியல் உதவி செய்யத் தெரியாத ஒரு மனிதர் செய்யக்கூடியதைச் செய்தார். அந்த ஏணியைப் பார்த்தபோதுதான் எனக்கு மூளை வந்தது. கேம்பரின் இரும்புக் கால்கள். பின்னிரண்டு கால்களையும் மூலையில் பூட்டிச் சுழற்றினால், கேம்பரின் வால் தானாக மேலே எழும்பும், கொளுவல் விடும், கதவும் திறக்கும். கால்கள் எங்கே?

கால்கள் உள்ளே. பின் இருக்கைக்கு அடியில். யோகம் அன்ரியுடன்.

கேட்டேன். நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய கைகள் அவருக்கு, மறுக்கவில்லை. ஆனால் அவர் படுக்கையை விட்டுப் பின்பக்கம் போனதும் பாரம் மாறியது. நாங்கள் நால்வரும் தேநீர்க் கோப்பைகளோடு மெதுவாக ஓரடி மேலே போனோம். அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்ததும் கீழே வந்தோம். பீட்டர் சன்னலில் அதை வாங்கினார். இரண்டாவது காலுக்கு அவர் திரும்பிப் போனார். மறுபடியும் மேலே போனோம். “பூங்காவிலை இதுக்குக் காசு குடுத்து ஏறுறவை,” என்றார் அங்கிள். அது அவருடைய இரண்டாவது வாக்கியம்.

நாங்கள் எழும்ப முடியாததால், கால்களைப் பூட்டி, சுழற்றும் பொறுப்பு அக்காவுக்கும் பீட்டருக்கும் வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து, பின்னால் நடப்பதைக் காணாமலே, ஒருவருக்குத் தமிழிலும் ஒருவருக்கு ஆங்கிலத்திலும் கட்டளை கொடுத்தேன். இந்த முறை அவர்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பீட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பீட்டர் ஒரு சுற்று. அக்கா ஒரு சுற்று. எண்ணவே இல்லை. கேம்பர் ஒழுங்காக எழும்பியது.

‘டக்’ என்று கொளுவல் விட்டது. மூக்கு எங்கள் நால்வரோடும் கீழே இறங்கி, நேரே குளியலறைத் தராசின் மேல் உட்கார்ந்தது. முள் ஒரு சுற்றுச் சுற்றி, இருநூறு தாண்டி, கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்காவின் எடை யாருக்கும் தெரியவில்லை.

கதவு பாதிதான் திறந்தது. யோகம் அன்ரிக்குப் பாதி போதும். பக்கவாட்டாக வெளியே வந்து, காலியான தேநீர்க் கோப்பையை பீட்டரிடம் கொடுத்து நன்றி சொன்னார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அக்கா அழத் தொடங்கினார். “பிள்ளை, சோறு ஆறப் போகுது” என்றார் யோகம் அன்ரி. சாப்பாட்டு மேசையில் ட்ரெய்லரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி நிறையப் பேசினோம். அங்கிள் மூன்றாவது வாக்கியமாக, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்த அத்தான், இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றார். முடிந்தது என்றால், போய்விட்டது என்ற பொருளில். எனக்கும் அதுதான் நினைப்பு. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இன்னொரு பெண் பார்ப்பார்கள், அதல்ல துக்கம். அந்தத் தோள் குலுங்கியது என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவரை ஒரு முறை சிரிக்க வைத்துவிட்டு, அதை அவர் முகத்தில் பார்க்கக் கிடைக்காமல் போய்விட்டதே என்று இருந்தது.

மறுநாள் யோகம் அன்ரி தொலைபேசியில் பேசினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், ஓம், ஓம் என்று. கடைசியில் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். “பெடியன் கேட்டதுக்கு உண்மை சொன்னவன். அது காணும். பிள்ளைக்கும் விருப்பம். ஆனா அவனை வாகனங்களுக்குக் கிட்ட விடாதேங்கோ.”

பிள்ளைக்கு ஏன் விருப்பம் வந்தது என்று பிற்பாடு கேட்டேன். மற்ற மாப்பிள்ளைகள் எல்லோரும் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்களாம். “நீங்கள் ஒராள்தான் நான் இருந்தா உதவி எண்டு கேட்டனீங்கள்” என்றார். எனக்கு அதில் பெருமைப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை. கேட்டது கிலோவைத்தானே.

கேம்பரை அடுத்த மாதம் கென்ட் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்து கொண்டுபோனார்கள். அவர்களிடம் பிக்கப் இருந்தது. பின்னுக்கு எடுத்தார்கள், கேம்பரை இறக்கினார்கள், நான்கு சங்கிலி போட்டார்கள், போய்விட்டார்கள். நாங்கள் படலையில் நின்று பார்த்தோம். அவ்வளவுதானா என்றார் அத்தான். அவ்வளவுதான். அந்தப் பெட்டியை அப்படிக் கொண்டுபோகத்தான் செய்திருக்கிறார்கள். பீட்டரின் ரோஜாக்கள் அந்த வருடமே மீண்டும் பூத்தன. ஒரு கொத்து எங்கள் கலியாணத்துக்கு வந்தது. அத்தான் மார்கேட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய், மழையில் நனைந்துவிட்டு, பின்னேரமே கடையைத் திறந்தார்.

எங்கள் வீட்டில் ‘மிச்ச ரெண்டு வருஷம்’ என்பது ஒரு கலைச்சொல் ஆகிவிட்டது. நான் பொருத்திய அலுமாரிக் கதவு திறக்காவிட்டால், வதனி அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “மூண்டாம் வருஷப் பாடம்” என்பார். போன மாதம் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். கட்டிலைப் பூட்ட உதவப் போனேன். பூட்டி முடித்தபோது நான்கு திருகாணி மிஞ்சியிருந்தது. அவளுடைய ஆங்கிலேயக் கணவன் அந்த நான்கையும் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து, மிகவும் பணிவாகக் கேட்டான்:

“மாமா, மூண்டாம் வருஷமா, நாலாம் வருஷமா?”